ஞாயிறு வருகை அட்டை: அதிபருக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

இவ்வாண்டு முதலாம் தவணையில் என் மகள் ஓர் இளமஞ்சள் அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தபாலட்டை அளவிலான அந்த அட்டையின் முன்பக்கத்தில் பெயர், தரம், சமயம் ஆகியவற்றை எழுத மூன்று கோடுகள் இருந்தன. பின்பக்கத்தில் நாற்பது ஞாயிற்றுக்கிழமைகளுக்கான கூடுகளும், ஒவ்வொன்றுக்கும் எதிரே திகதி, வழிபாட்டுத் தலத்தின் பெயர், பொறுப்பாளரின் கையொப்பம், ரப்பர் முத்திரை என்பவற்றுக்கான இடமும் இருந்தன. தரம் 6 முதல் தரம் 11 வரையான மாணவர் அனைவரும் ஞாயிறுதோறும் பதிவு பெற்ற ஒரு வழிபாட்டுத் தலத்தில் அறநெறி வகுப்புக்குச் சென்று இந்த அட்டையில் ஒப்பம் பெற வேண்டும் என்றும், முக்கால்வாசிக் கூடுகளேனும் நிரம்பாதவர்கள் மாணவத் தலைவர் பதவிக்கோ பரிசளிப்பு விழாவின் நன்னடத்தைப் பரிசுக்கோ கருத்திற் கொள்ளப்படமாட்டார்கள் என்றும் கூடவே வந்த அறிவித்தல் கூறியது.

இந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அலுவலகத்துக்கு நேரில் வந்து கேட்டபோது அது சங்கத்தின் தீர்மானம் என்றார்கள். சங்க உறுப்பினர் ஒருவரிடம் கேட்டபோது அது அதிபரின் நிருவாக விடயம் என்றார். பெப்ரவரியில் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை. ஆகவே, இதே அட்டையை மேசையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் ஏனைய பெற்றோரும் வாசிக்கட்டும் என்று இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். பாடசாலையின் பெயரையும் ஆசிரியர்களின் பெயர்களையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். எவரையும் தலைகுனிய வைக்க நான் விரும்பவில்லை. அந்த அட்டை திரும்பப் பெறப்பட வேண்டும் என்றே விரும்புகிறேன்.

அட்டை வந்த அன்றிரவு என் மகள் அதைப் படிப்பு மேசையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வயது பதின்மூன்று. பெயரையும் தரத்தையும் எழுதிவிட்டாள். “அப்பா, சமயம் எண்ட இடத்தில நான் என்னத்தை எழுதுறது?” என்று கேட்டாள். உனக்கு எது உண்மையோ அதை எழுது என்றேன். அவள் முதலில் பென்சிலால் எழுதிப் பார்த்து, பிறகு பேனாவால் அதே எழுத்துகளின் மேல் எழுதினாள்: “வீட்டில் இரண்டு சமயம் உண்டு. நான் இன்னும் தெரிவு செய்யவில்லை.” கோடு போதாமல் கடைசிச் சொல் ஓரத்தில் கீழ்நோக்கி வளைந்து இறங்கியிருந்தது.

மறுநாள் வகுப்பாசிரியை அந்த வரியைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே “இந்து” என்று எழுதிக் கொடுத்தார். “அது சரியில்லை ரீச்சர்” என்று என் மகள் சொன்னபோது, “சாமி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வாய் நீளம்” என்று முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் கூறினார். அவர் நல்ல ஆசிரியை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். என் மகள் கணிதத்துக்குப் பயப்படாமல் இருப்பதற்கு அவரே காரணம், அவர் மீது அவளுக்கு மிகுந்த பற்று உண்டு. அந்தச் சொல் அவளை அவ்வளவு காயப்படுத்தியதும் அதனால்தான். அடுத்த வாரம், சக மாணவர்கள் கைதூக்கித் தெரிவு செய்திருந்த அவளுடைய பெயர் கனிஷ்ட மாணவத் தலைவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. காரணம் கேட்டபோது, அட்டை முறையாகப் பூர்த்தி செய்யப்படவில்லை என்றார்கள்.

சாமி இல்லாத வீடு என்று சொல்லப்பட்டதால், அந்த வீட்டைப் பற்றிச் சொல்வது அவசியமாகிறது. எங்களுடன் என் தாயார் வசிக்கிறார். அவருக்காகச் சாமியறையில் நாள் தவறாமல் விளக்கு எரிகிறது, வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மச்சம் சமைப்பதில்லை. என் மனைவி திருகோணமலைப் பாலையூற்றுப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய மாதா சொரூபம் கூடத்து அலுமாரியின் மேல் இருக்கிறது, இரவில் செபமாலை சொல்லாமல் அவர் படுப்பதில்லை. நான் மட்டும் எதையும் வணங்குவதில்லை. அதன் பின்னால் பெரிய துயரக் கதை எதுவும் இல்லை. யுத்தத்திலும் சுனாமியிலும் என்னைவிட எவ்வளவோ அதிகமாக இழந்தவர்கள் கோயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். இருபது வயதளவில், நான் சொல்லும் மந்திரத்தை நானே நம்பவில்லை என்பது எனக்குத் தெளிவாகியது. நம்பாததைச் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். என் தாயாருக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும், சிவராத்திரிக்குப் பின்னர் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாளில் அவருடைய முழங்கால் வலியை அறிந்து வாசலில் மேசை போட்டு, வெள்ளை விரித்து, நிறைகுடம் வைப்பவர் என் மனைவிதான். இதை மத நல்லிணக்கத்தின் சான்றாகக் காட்ட நான் சொல்லவில்லை. மாமியாருக்கு மருமகள் செய்யும் உதவி அது, அவ்வளவே.

நாங்கள் 2010ஆம் ஆண்டு திருமணம் செய்தோம். கத்தோலிக்கர் ஒருவர் பிற சமயத்தவரை மணக்க ஆயரின் அனுமதி பெறலாம். அதற்கு, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதையெல்லாம் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குறுதி அளிக்க வேண்டும். பங்குத்தந்தை பொறுமையானவர், எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். பிள்ளைகள் வளர்ந்து தாமாகத் தெரிவு செய்யட்டும் என்று நாங்கள் இருவரும் அதற்கு முன்னரே பேசி முடிவெடுத்திருந்தோம். “வாக்கைக் கொடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், எத்தனை பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள்!” என்று இரு வீட்டு உறவினரும் வற்புறுத்தினர். என் மனைவி மறுத்துவிட்டார். காப்பாற்றப் போவதில்லை என்று தெரிந்தே ஒரு வாக்குறுதியில் ஒப்பமிட அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே பொது விவாகப் பதிவு மட்டுமே செய்துகொண்டோம். தேவாலயத்தில் மணம் முடிக்காததால், திருச்சபையின் ஒழுங்குப்படி அவர் நற்கருணை வாங்குவதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக, பூசையில் எல்லோரும் வரிசையாக எழுந்து முன்னே செல்லும்போது அவர் கடைசி வாங்கில் முழந்தாளில் இருக்கிறார். ஒன்பது வயதில் ஒருநாள் பக்கத்தில் இருந்த என் மகள் ஏன் நீங்கள் போகவில்லை என்று கேட்டிருக்கிறாள். “நான் அந்த வாக்கைக் குடுக்கல்ல. குடுக்காமல் வரிசையில போக ஏலாது. அவ்வளவுதான்” என்று இவர் சொல்லியிருக்கிறார்.

ஒரு கையொப்பம் என்றால் என்னவென்று என் மகள் கற்றுக்கொண்டது அந்தக் கடைசி வாங்கில்தான். அவளிடம்தான் தாங்கள் இந்த அட்டையைக் கொடுத்திருக்கிறீர்கள்.

இதே அட்டை வேறு வீடுகளில் எப்படி நிரம்புகிறது என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, தனியார் வகுப்பு முடியும்வரை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு தாயும் மகனும் மோட்டார் சைக்கிள் இருக்கையின் மீது அட்டையை விரித்து வைத்திருந்தார்கள். எல்லாக் கூடுகளிலும் முத்திரை முன்னரே குத்தப்பட்டிருந்தது. கோயில் பரிபாலன சபையில் உறவினர் ஒருவர் இருக்கிறாராம். தாய் திகதிகளைச் சொல்லச் சொல்ல, பையன் ஒவ்வொரு கூட்டிலும் பொறுப்பாளரின் கையொப்பத்தைப் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு கூடுகள் நீல மையில், ஒன்று கறுப்பில், பிறகு மீண்டும் நீலம். ஒரே பேனாவால் எழுதினால் பிடிபட்டுவிடும் என்று இரண்டு பேனாக்கள் கொண்டுவந்திருந்தார்கள். எழுத்துச் சாய்வையும் அவன் இடையிடையே மாற்றினான், கெட்டிக்காரப் பையன். நான் பார்ப்பதைக் கவனித்த அந்தத் தாய் சங்கடத்துடன் சிரித்து, “எல்லாரும் இப்பிடித்தானே செய்யிறது, அண்ணா” என்றார். அவரை நான் குறை கூற மாட்டேன். வாரம் ஆறு நாள் வேலை செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் அவரால் வீட்டைக் கவனிக்க முடிகிறது. ஆனால் அந்தப் பையன் அந்த மாலையில் ஒரு பாடம் கற்றான், அதைக் கற்பித்தது இந்த அட்டை. தவணை முடிவில் அவன் நன்னடத்தைப் பரிசுக்குத் தகுதியுள்ளவன் ஆவான், உண்மையை எழுதிய என் மகள் தகுதியற்றவள் ஆவாள்.

நன்னடத்தை என்று எதைக் கருதுகிறீர்கள் என்பதைத் தயவுசெய்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியின் வெள்ளம் மூதூரையும் வெருகலையும் மூடியபோது, பாடசாலை மீளத் திறந்த நாட்களில் என் மகளின் வகுப்புப் பிள்ளைகள் தாமாகவே பணம் சேர்த்து, பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பொருட்கள் வாங்கினார்கள். கொப்பிகளும் பேனாக்களும் போதும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நனைந்த உடையுடன் முகாமில் நிற்கும் பெண் பிள்ளைக்குக் கொப்பியைவிட உள்ளாடையும் அணையாடையும் அவசரம் என்று என் மகளும் அவளுடைய தோழியும் வாதிட்டு அவற்றையும் பட்டியலில் சேர்த்தார்கள். எல்லாம் வாங்கி முடிந்தபோது 340 ரூபா மிஞ்சியது. அதைக் கடைச் சிட்டையோடு சேர்த்து ஓர் உறையில் இட்டு, வகுப்பாசிரியையிடம் ஒப்படைத்தாள். அந்த உறையை வாங்கிக்கொண்டவர், இப்போது அவளுடைய வரியைச் சிவப்பு மையால் வெட்டிய அதே ஆசிரியைதான். சக மாணவர்கள் அவளுக்காகக் கைதூக்கியபோது அவர்கள் நினைவில் இருந்தது அந்த உறையாக இருக்கலாம். அவள் எந்தக் கோயிலுக்குப் போகிறாள் என்று அவர்களில் எவரும் கேட்கவில்லை.

சமயக் கல்வியை நான் எதிர்ப்பதாக எண்ண வேண்டாம். சாதாரண தரப் பரீட்சைவரை சமயம் கட்டாய பாடம். அதை மாற்றும் அதிகாரம் தங்களிடம் இல்லை, மாற்றும்படி நான் கேட்கவும் இல்லை. தரம் 6இல் அவள் தன் விருப்பத்தின்படி கத்தோலிக்கம் எடுத்தாள். அந்தத் தரத்தில் அப்பாடத்துக்கு நான்கு பிள்ளைகளே இருந்தார்கள், ஆசிரியர் இல்லை. சமய பாடவேளை வரும்போதெல்லாம் அந்த நால்வரும் நூலகத்தில் பழைய சஞ்சிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். தவணைப் பரீட்சைக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு வினாத்தாள் வந்தது. அடுத்த ஆண்டு அவள் சைவநெறிக்கு மாறினாள். மாறியபின் அப்பாடத்தை மனதார விரும்பினாள். தேவாரத்தைப் பண்ணோடு பாட முயல்கிறாள், கடைசித் தவணையில் 84 புள்ளிகள் எடுத்தாள். அதற்குக் காரணம், பிள்ளைகளின் கேள்விகளுக்கு இடம் கொடுக்கும் அந்தப் பாட ஆசிரியர். கோயிலே இல்லாத காலத்தில் கோணேசருக்கு யார் பூசை செய்தார்கள் என்று என் மகள் கேட்டபோது, அவர் சொன்ன விடையை அவள் வீட்டில் வந்து எங்களுக்குச் சொன்னாள்.

அந்த விடையை இங்கே எழுதுகிறேன். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினார்கள். 1963இல் இப்போதைய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடக்கும்வரை, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக, அக்கோயில் நின்ற சுவாமி மலையின் மேல் பெருங்கோயில் என்று எதுவும் இல்லை. ஆயினும் நம் மக்கள் அந்தப் பாறையின் உச்சிக்குச் சென்று, கீழே அலை மோதும் கடலை நோக்கிப் பூவும் பழமும் இட்டு வழிபட்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் வந்த வெளிநாட்டவர் பலர் அதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மக்களின் வருகையை எவரும் பதியவில்லை. அவர்களுக்கு எந்தப் பதவியும் பரிசும் காத்திருக்கவில்லை.

வருகையைப் பதிந்தவர்கள் வேறு ஆட்சியினர். ஒல்லாந்தர் தம் ஆட்சிப் பகுதிகளில் பாடசாலைத் தோம்பு என்ற பதிவேட்டை வைத்திருந்தார்கள். ஞானஸ்நானமும் திருமணமும் அதில் பதியப்பட்டன. அரச பதவி பெற ஞானஸ்நானம் வேண்டியிருந்தது, பாடசாலைக்கு வராத பிள்ளைகளின் பெற்றோருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. விளைவு எல்லோரும் அறிந்ததே. பகலில் தேவாலயத்திலும் இரவில் வீட்டுக்குள் திருநீற்றோடும் இரண்டு வாழ்க்கை வாழ்ந்தார்கள் நம் முன்னோர். அந்த ஆட்சி போனதும் பதிவேட்டில் இருந்த கிறிஸ்தவர்களில் பெரும்பாலானோர் காணாமற் போனார்கள். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், கல்வி பெறும் பொருட்டுப் பிள்ளை தான் நம்பாத ஒன்றுக்குத் தலையாட்ட வேண்டியிருக்கக்கூடாது என்பதற்காகவே. அந்த வழியில் வந்தவர்கள் என்று பெருமைப்படும் நாம், நம் பிள்ளைகளிடமே இப்போது தோம்பை நீட்டுகிறோம்.

சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைச் சுதந்திரம், மனச்சாட்சிச் சுதந்திரம், மதச் சுதந்திரம் மூன்றையும் ஒவ்வோர் ஆளுக்கும் உறுதி செய்கிறது. தன் விருப்பத்துக்குரிய மதத்தையோ நம்பிக்கையையோ மேற்கொள்வதும் அதில் அடங்கும். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 14ஆம் உறுப்புரை இதே சுதந்திரத்தைப் பிள்ளைக்கும் உரியதாக்கி, அதன் வளரும் ஆற்றலுக்கேற்ப வழிகாட்டுவதைப் பெற்றோரின் உரிமையும் கடமையும் என்கிறது. வழிகாட்டும் அந்தப் பொறுப்பை நாங்கள் தட்டிக் கழிக்கவில்லை. நம்பாததை நம்புவதாகச் சொல்லாதே, பிறர் நம்புவதை ஏளனம் செய்யாதே என்ற இரண்டையும் எங்கள் பிள்ளைகள் மீறினால் வீட்டில் கடுமையான கண்டிப்பு உண்டு. என் மகளின் பிறப்புச் சான்றிதழில்கூடப் பெற்றோரின் இனத்தை எழுத இடம் இருந்தது, சமயத்தை எழுத இடம் இருக்கவில்லை. அரசு பிறப்பிலேயே கேட்காத கேள்விக்கு, பதின்மூன்று வயதில் ஒரே சொல்லில் விடை எழுதாதது குற்றமாகிவிட்டது.

தங்கள் நோக்கம் கெட்டதென்று நான் கருதவில்லை. போதைப்பொருள் பாடசாலை மதில்வரை வந்துவிட்டது, பிள்ளைகள் இரவிரவாகக் கைப்பேசியில் கிடக்கிறார்கள், ஞாயிறு காலையை எங்காவது நல்ல இடத்தில் கழிக்கட்டும் என்று சங்கக் கூட்டத்தில் பேசப்பட்டதாக அறிகிறேன். அந்தக் கவலை எனக்கும் உண்டு. அறநெறிப் பாடசாலைகளின் பணியையும் நான் அருகிலிருந்து அறிவேன். என் தாயார் கோயில் மண்டபத்தில் பதினொரு ஆண்டுகள் அறநெறி வகுப்பு எடுத்தவர். அவர் ஒருநாளும் வரவு கூப்பிட்டதில்லை. ஒரு பிள்ளை இரண்டு வாரம் வராவிட்டால் மாலையில் அந்த வீட்டுக்கு நடந்து சென்று, காய்ச்சலா, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று விசாரித்துவிட்டு வருவார். சில பிள்ளைகள் திரும்ப வந்தார்கள், சிலர் வரவில்லை. வராதவர்களோடும் அவர் கோபித்துக்கொண்டதில்லை. இந்த அட்டையை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருபக்கமும் பார்த்துவிட்டு, “இது சங்கக்கடைக் கூப்பன் மாதிரியெல்லோ இருக்கு” என்று சொல்லித் திருப்பித் தந்தார். சம்பளம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் உழைக்கும் அறநெறி ஆசிரியர்களைத் தாங்கள் முத்திரை குத்தும் எழுதுவினைஞர்களாக்கிவிட்டீர்கள் என்பதும் என் முறைப்பாட்டில் ஒன்று.

என் வீடு மட்டும் இதனால் பாதிக்கப்படவில்லை. விடிய முன்னரே மீன் எடுத்து விற்கச் செல்லும் தாயின் மூத்த மகள் ஞாயிறு காலையில் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு முத்திரை கிடையாது. சிறிய சபைகளில் வழிபடும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, அவர்கள் ஒரு ஞாயிறும் தவறாமல் செல்பவர்களாக இருந்தாலும், சபை பதிவு பெறவில்லை என்பதால் கூடு வெறுமையாகவே இருக்கும். நம் பாடசாலையில் படிக்கும் சில முஸ்லிம் பிள்ளைகள் கிழமை நாட்களின் மாலையில் குர்ஆன் ஓதப் போகிறார்கள். அட்டையில் ஞாயிறு மட்டுமே உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி எந்தச் சமயத்தவரும் பாதிக்கு மேல் இல்லாத மாவட்டம் எங்களுடையது. இங்கே ஒரு பாடசாலையின் ஒழுங்கு விதி யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பது நகரம் முழுவதும் கவனிக்கப்படும். 2018இல் ஆசிரியைகளின் அபாயா உடையைப் பற்றி இந்நகரில் எழுந்த சர்ச்சை மனித உரிமைகள் ஆணைக்குழுவரை சென்றதையும், அதன் கசப்பு எத்தனை ஆண்டு நீடித்தது என்பதையும் நாம் எல்லோரும் கண்டோம். பாடசாலை மரபு என்ற பெயரில் பிறருடைய மனச்சாட்சிக்குள் நுழைந்தால் என்ன நேரும் என்பதை இன்னொரு முறை அனுபவித்துக் கற்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன வருமாறு. ஞாயிறு வருகை அட்டையையும் அது தொடர்பான அறிவித்தலையும் இரண்டாம் தவணை முடிவதற்குள் எழுத்துமூலம் மீளப் பெறுங்கள். மாணவத் தலைவர் தெரிவிலும் நன்னடத்தைப் பரிசிலும் வழிபாட்டு வருகை ஓர் அளவுகோலாகக் கொள்ளப்படமாட்டாது என்பதை அந்த மீளப்பெறும் அறிவித்தலிலேயே குறிப்பிடுங்கள். அட்டையின் காரணமாகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட எல்லாப் பிள்ளைகளின் பெயர்களும் மீண்டும் பரிசீலிக்கப்பட வேண்டும். என் மகளின் பெயரை மட்டும் தனியாகச் சேர்ப்பதாக இருந்தால், அவளும் நாங்களும் அதை ஏற்கமாட்டோம்.

இதுவரை பொய்யாக நிரப்பப்பட்ட அட்டைகளைத் தேடிப் பிடித்து எந்தப் பிள்ளையையும் தண்டிக்க வேண்டாம் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பையனைப் பற்றி நான் மேலே எழுதியது அவனைக் காட்டிக்கொடுக்க அல்ல. அட்டைகளைத் திரும்ப வாங்கி, எண்ணாமல், பார்க்காமல் அப்புறப்படுத்திவிடுங்கள்.

சமயத்தைப் பற்றி மாணவரிடம் கேட்க வேண்டியது பரீட்சைக்கான பாடத் தெரிவு மட்டுமே. அதற்கு அப்பால் பிள்ளையின் நம்பிக்கை என்னவென்று கேட்கும் கோடு எந்தப் படிவத்தில் இருந்தாலும் அதை நீக்குங்கள். கேட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், பிள்ளை எழுதிய விடையின் மேல் எவரும் வேறு விடை எழுதக்கூடாது. கத்தோலிக்கமும் ஏனைய சமயங்களும் கற்கும் சிறு எண்ணிக்கையினருக்கு, அருகிலுள்ள பாடசாலைகளுடன் பேசி வாரத்தில் ஒரு நாளாவது ஓர் ஆசிரியர் வருவதற்கான கோரிக்கையை வலயக் கல்வி அலுவலகத்துக்கு இவ்வாண்டே அனுப்புங்கள். நூலகத்தில் இப்போதும் சில பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வகுப்பாசிரியை மீது ஒழுக்காற்று நடவடிக்கை எதையும் நான் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சொல் வகுப்பின் முன்னால் சொல்லப்பட்டது. வகுப்பின் முன்னாலேயே அவர் அதைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டு வாக்கியங்கள் போதும். என் மகள் அவரிடமிருந்து தொடர்ந்து கணிதம் கற்க விரும்புகிறாள்.

கடைசியாக, பெப்ரவரிக் கடிதத்துக்கும் இம்மடலுக்கும் எழுத்துமூலம் பதில் தாருங்கள். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இவ்விடயத்தைச் சேர்த்து, எனக்கும் வேறு பெற்றோருக்கும் பேச இடம் கொடுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால், இம்மடலின் பிரதியையும் சிவப்பு மையால் வெட்டப்பட்ட அந்த அட்டையையும் வலயக் கல்விப் பணிப்பாளரிடமும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்திலும் கையளிப்பேன். அட்டை என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
எட்டாம் தரத்து மாணவி ஒருத்தியின் தந்தை,
திருகோணமலை.